குளிர்பெட்டி உபயம்

எங்க போடியில உபயம்னா பேரு இருக்கணும். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு குடுத்தா சாயுற இடத்துல பேரு. கோயிலுக்கு டியூப்லைட் குடுத்தா வெளிச்சம் வர வழியில்லாத அளவுக்குப் பேரு.

குளிர்பெட்டிக்கு மட்டும் ஒருத்தனும் பேரு தர மாட்டேன்னுட்டான்.

செத்தவங்கள வைக்கிற கண்ணாடிப் பெட்டி. வாடகைக்கு எடுக்க முடியாத வீடுகளுக்கு இலவசமா குடுக்கலாம்னு எங்க நற்பணி மன்றத்துல முடிவு பண்ணோம். முடிவு பண்ணோம்னா, நான் கத்துனேன், மத்தவங்க சரின்னாங்க. எங்கப்பா செத்தப்ப ஐஸ் பாளத்து மேலதான் போட்டிருந்தோம். பட்டாளத்துலருந்து எங்கண்ணன் வந்து சேர்றதுக்குள்ள முகத்த மூடிட்டாங்க. அவன் துணியத்தான் பாத்தான்.

மன்றத்துக்குத் தலைவர் சிக்கந்தர் பாய். வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. சட்டம் படிக்கிற நான் பத்து கேள்வி கேட்டா அவரு ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லுவாரு. அதுவும் கண்ணுல மாட்டுன கருப்புக் கண்ணாடியக் கழட்டாம.

ரெண்டு பேரும் பஜாருக்கு வசூலுக்குப் போனோம்.

"ஃபேன் கேளும்மா, தர்றேன். தண்ணித் தொட்டி கேளு, தர்றேன். காலங்காத்தால வந்து பொணப் பெட்டி கேக்குறியே"ன்னாரு முதக் கடைக்காரரு.

குடுத்தவங்களும் திருட்டுப் பொருள் மாதிரி உள்ளங்கையில வச்சு அமுக்கிட்டு, "எம் பேர மட்டும் வெளிய சொல்லிராதீங்க"ன்னாங்க.

ஏலக்காய் வியாபாரி தவசிலிங்கம் முதலாளி எங்கள வாசப்படியிலயே நிறுத்திட்டாரு.

"பொணப் பெட்டியில எம் பேரா? நான் நல்லா இருக்கிறது பிடிக்கலையாக்கும்?"

அப்புறம் பாய் பக்கம் திரும்புனாரு. "உங்காளுகளுக்கு இந்தப் பெட்டியே தேவைப்படாது. அன்னைக்கே அடக்கம் பண்ணிருவீக. உமக்கு எதுக்கு பாய் இந்த வேல?"

"அதனாலதான் முதலாளி. எங்க வீட்டுக்கு வேணும்னு நடுவுல பூந்து தூக்கிட்டுப் போக மாட்டேன்ல?" பாய் சிரிச்சாரு.

எனக்குச் சிரிப்பு வரல. "குடுக்க மனசில்லைன்னா அதச் சொல்லுங்க. எதுக்கு இம்புட்டு வியாக்கியானம்?"

"ஏய், வெளிய போ."

"ஏற்கெனவே வெளியதான் நிக்கிறோம்."

பாய் என் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. ரோட்டுல நின்னு கேட்டேன். "இந்த மாதிரி ஆளுங்கள என்ன செய்யணும் தலைவரே?"

பாய் அடுத்த கடைக்கு நடந்தாரு.

எப்படியோ சேத்து, தேனியில ஒரு பழைய பெட்டி வாங்குனோம். பாய் அதுக்குச் சக்கரம் வச்சு ஸ்டாண்டு அடிச்சுக் குடுத்தாரு. பெட்டியோட பக்கவாட்டுத் தகடு வெள்ள வெளேர்னு காலியா இருந்துச்சு. நான் சிவப்புப் பெயிண்ட் வாங்கிட்டு வந்து எழுதுனேன்:

"உபயம் தர மறுத்தவர்: தவசிலிங்கம், ஏலக்காய் வியாபாரம்."

பாய் வந்தாரு. குனிஞ்சு படிச்சாரு.

"அழிக்க மாட்டேன் தலைவரே. பெட்டி போற வீடெல்லாம் படிக்கட்டும்."

"அழிக்கச் சொன்னேனா? எழுத்து நல்லாருக்கு. காயட்டும்."

அது காயுறதுக்குள்ள, மறுநாள் காலையிலேயே போன் வந்துச்சு. பாய் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "வர்றோம்ங்க"ன்னு வச்சாரு.

"யாரு வீடு?"

"தவசிலிங்கம் முதலாளியோட அம்மா போயிருச்சு. வாடகைப் பெட்டி எதுவும் ஊருக்குள்ள கிடைக்கலையாம்."

எனக்கு ஒரு நிமிஷம் குளுகுளுன்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். "நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. படியில நிறுத்திப் பேசுவோம்."

"அவரு தங்கச்சி மலேசியாவுலருந்து வருது. வந்து சேர நாளைக்கு ஆயிரும்."

நான் தகட்டத் திரும்பிப் பாத்தேன். அந்த எழுத்தப் பாத்தா அந்த ஆளு பெட்டிய வாசலோட திருப்பி அனுப்பிருவாரு. அனுப்பிட்டா அந்தப் பொம்பளையும் துணியத்தான் பாக்கும்.

"துணி போட்டு மறைச்சிருவோம் தலைவரே."

"மால போடுறப்ப விலகும்."

ஆம்னி வேன்ல பெட்டிய ஏத்துனோம். பாய் பெட்டிக்கடையில ஒரு பிளேடு வாங்கிட்டு வந்து பின்னாடி என்கூட உக்காந்தாரு. வேன் ஓட ஓட, பிளேடால சுரண்டுனாரு. 'தர' போச்சு. 'மறுத்தவர்' போச்சு. அதோட பிளேடக் காகிதத்துல மடிச்சுட்டாரு.

நான் படிச்சேன். 'உபயம்'. நடுவுல கொஞ்சம் வெத்துத் தகடு. அப்புறம் 'தவசிலிங்கம், ஏலக்காய் வியாபாரம்'.

"தலைவரே, என்ன பண்ணியிருக்கீங்க? பேரயும் எடுங்க!"

"தப்பா எழுதுனத எடுத்தாச்சு."

"அந்தப் பேருதான் பெரிய தப்பு! எதுக்குப் பயந்து நம்மளத் தொரத்துனாரோ அதுவேதான இது? இதுக்கு முன்னாடி இருந்ததே தேவல!"

வேன் நின்னுருச்சு. வீடு வந்துருச்சு.

வாசல்ல சாமியானா. தெருவே நின்னுச்சு. முதலாளி செருப்பில்லாம ஓடி வந்தாரு. பெட்டி இறங்குறத பாத்தாரு. எழுத்தப் பாத்தாரு. நின்னுட்டாரு.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவரு என்னப் பாத்தாரு. மறுபடியும் தகட்டப் பாத்தாரு. சுத்தி நின்னவங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் காதக் கடிச்சான். "நம்ம முதலாளி வாங்கிக் குடுத்ததாப்பா? சொல்லவே இல்ல பாரு."

பாய் மூடியத் தெறந்து வச்சுட்டு, சாதாரணமா கேட்டாரு. "முதலாளி, அம்மாவ யாரு தூக்குறது?"

முதலாளி உள்ள போனாரு.

சொந்தக்காரங்க நாலு பேரு பின்னாடியே போனாங்க. "தள்ளுங்கப்பா, அம்மாவுக்கு ஆளுக்கொரு பக்கம் இழுத்தாப் பிடிக்காது"ன்னு உள்ளருந்து முதலாளி சத்தம் கேட்டுச்சு. ஒத்தையா தூக்கிட்டு வந்தாரு. அந்தம்மா சின்னப் புள்ள கணக்கா அவரு நெஞ்சோட ஒட்டிக் கிடந்துச்சு. பெட்டிக்கு அந்தப் பக்கம் அவரு. இந்தப் பக்கம் நானும் பாயும்.

"தல... தல பத்திரம்."

பாய் இடுப்புக்குக் கீழ கையக் குடுத்தாரு. நான் ரெண்டு கையையும் நீட்டித் தலைக்குக் கீழ வச்சேன். அங்க ஏற்கெனவே அவரு கை இருந்துச்சு. எடுக்கவே இல்ல. என் கை மேல அவரு கை, அது மேல அந்தம்மா தல. அப்படியே நின்னோம்.

அப்புறம் மெதுவா உருவிக்கிட்டாரு. மொத்தப் பாரமும் என் கைக்கு வந்துச்சு. மூச்சு விடக் கூடப் பயமா இருந்துச்சு. படுக்க வச்சு மூடுனோம்.

பொம்பளைங்க சுத்தி உக்காந்தாங்க. ஒருத்தி தகட்டப் பாத்து எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சவ அதையே ஒப்பாரியில சேத்துட்டா.

"மகன் குடுத்த பெட்டியில
மகராசி தூங்குறியே..."

முதலாளி தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. இல்லைன்னு சொல்லல. ஆமான்னும் சொல்லல.

மறுநாள் தங்கச்சி வந்துச்சு. கண்ணாடி மேல கன்னத்த வச்சுக்கிட்டு, "எம்மா, இப்பத்தான் தூங்குன மாதிரி இருக்கியேம்மா"ன்னுச்சு. ரொம்ப நேரம் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

காரியம் முடிஞ்சுச்சு. பெட்டி பட்டறைக்கு வந்துச்சு. முதலாளிகிட்டருந்து ஒரு போன் இல்ல, ஒரு ஆளு இல்ல, ஒரு ரூபா இல்ல. எனக்கு மறுபடியும் கோவம் ஏறுச்சு.

பாய் டெட்டால் தண்ணி வச்சுப் பெட்டியத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. நான் பிளேட எடுத்துட்டுப் போய் நின்னேன்.

"இப்பவாச்சும் அந்தப் பேர எடுத்துரலாம் தலைவரே. பொய் எழுதி வச்சு எத்தன நாளைக்கு ஊரு சுத்துறது?"

"எது பொய்?"

"உபயம்னு இருக்குல்ல? அந்த ஆளு என்னத்தக் குடுத்தாரு? சல்லிக்காசு குடுத்தாரா?"

பாய் துணியப் பிழிஞ்சாரு. முதத் தடவையா அந்தக் கருப்புக் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு.

"அப்ப அன்னைக்கு அந்த வாசல்ல, ரெண்டு கையையும் நீட்டி அவருகிட்ட நீ என்னத்தத் தாயி வாங்குன?"