தாழைக்கோழிக்குக் கிடைத்த வக்கீல்

ஏரி நடுவே ஒரு மண்திட்டு. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்ட தாழைக்கோழி கூடு கட்டப் போனால், அங்கே நீர்நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"இது என் இடம். நீ வேறு பார்."

"வருஷாவருஷம் நான்தானே இங்கே கூடு கட்டுகிறேன்?"

"அதை நாளைக்கு ஆமையிடம் வந்து சொல்."

அந்த ஏரியில் பஞ்சாயத்து என்றால் ஆமைதான். தாழைக்கோழிக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வக்கீல் தேடிப் புறப்பட்டது.

முதலில் தவளை. "ஜெயித்தாச்சு என்றே வைத்துக்கொள். ஒன்றையும் மறைக்காமல் சொல்."

தாழைக்கோழி எல்லாவற்றையும் கொட்டியது, போன வருஷம் அந்தப் பக்கமே வராததையும் சேர்த்து.

பொழுது சாய்வதற்குள் நீர்நாய் கரையெல்லாம் பேசியது: "விட்டுப்போன இடத்துக்கு இப்போது என்ன உரிமை?" பக்கத்தில் தவளை தலையாட்டிக்கொண்டிருந்தது.

தாழைக்கோழி நாரையிடம் ஓடியது. "நாரையண்ணே, என் வழக்கு என்னவென்றால்..."

"நிறுத்து தங்கச்சி. மேலே ஒரு வார்த்தை சொல்லாதே. நீர்நாய் மீனை விரட்டும், நான் கொத்தித் தின்பேன். உனக்காகப் பேசினாலும் பாதி மனசோடுதான் பேசுவேன்."

"இந்த ஏரியில் எல்லாருமே அதற்கு வேண்டியவர்கள். நான் எங்கே போவேன்?"

"மதகடியில் நண்டு இருக்கிறது. யாரோடும் ஒட்டு உறவு கிடையாது. கொஞ்சம் சிடுமூஞ்சி, அவ்வளவுதான்."

நண்டு கதை கேட்டதோடு விடவில்லை. "இடத்தைக் காட்டு," என்று வந்து, பக்கவாட்டிலேயே நடந்து திட்டை முழுக்கச் சுற்றியது.

"நேராக நடக்கத் தெரியாதவர் நியாயம் பேச வந்துவிட்டார்," என்றது தவளை.

"நேராக நடந்தவர்கள் யாரும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லையே," என்றது நண்டு.

மறுநாள் ஆமை முன்னால் நீர்நாய் ஆரம்பித்தது: "போன வருஷம் இவள் வரவேயில்லை."

"போன வருஷம் ஏரியே வற்றிக் கிடந்தது. நீங்கள் மட்டும் இருந்தீர்களா?" என்றது நண்டு.

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது.

"சரி, திட்டில் உங்களுக்கு என்ன வேலை?"

"குளித்தால் வெயில் காய வேண்டாமா?"

"பின்பக்கம் கோரைக்குள் படுத்துக் காயலாமே?"

"அங்கே வெயிலே விழாது. யாருக்கு வேணும் அது?"

"இவளுக்கு. முட்டைக்கு மறைவுதானே வேணும்."

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "வெயில் பக்கம் உனக்கு. கோரைப் பக்கம் அவளுக்கு. யாரும் தாண்டக் கூடாது."

குஞ்சுகள் நீந்தப் பழகியதும், தாழைக்கோழி அவற்றை மதகடிக்குக் கூட்டிப்போய் நண்டைக் கும்பிட வைத்தது. பிறகு அவற்றோடு நாரையிடமும் வந்து கும்பிட்டது.

"நான் உனக்கு ஒன்றும் செய்யவில்லையே தங்கச்சி?"

"என் வாயை மூட வைத்தீர்களே அண்ணே. அதற்குத்தான்."

எதிராளிக்கு வேண்டியவன் 'உனக்காக என்னால் பேச முடியாது' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவனும் நமக்கு நன்மை செய்தவனே.