கொம்பையன் கண் வாங்கிய கடை

வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் ராத்திரியில் எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொண்ட நாளில், ஒரு ராஜ்யத்தின் ஓரத்தில் கொம்பையன் என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். அவன் மனைவி மருதாயி.

கொம்பையனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் தூரத்து ஆடு மங்கியது. பிறகு பக்கத்து ஆடு மங்கியது. அப்புறம் பாறை எது, பள்ளம் எது என்றே தெரியாமல் ஒருநாள் மலை விளிம்பில் காலை வைத்துவிட்டான். மருதாயி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டி கிழிந்தது, ஆள் தப்பினான்.

"வேட்டி கிழிஞ்சா வேற வாங்கலாம். ஆள் போனா எந்தக் கடையில வாங்குறது? கிளம்புங்க, டவுனுக்குப் போய்க் கண்ணுக்கு மருந்து வாங்கலாம்" என்றாள்.

"உனக்கும் ஒரு சேலை எடுக்கணும் புள்ள. செருப்பும் தேஞ்சு கிடக்கு" என்றான் அவன்.

வெள்ளாரங்கோட்டைக் கடைவீதிக்கு வந்தார்கள். துணிக்கடை பூட்டியிருந்தது. செருப்புக்கடை பூட்டியிருந்தது. கண் வைத்தியர் வீடும் பூட்டியிருந்தது. தெருவில் போகிற ஜனங்களோ ஒருவரை ஒருவர் பார்த்து, "நீ யாரு? நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடியில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. உள்ளே இரண்டு புருவமும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, வாங்க! துணியா, செருப்பா, கண்ணா? எல்லாம் இங்கேயே இருக்கு. என்ன குடிக்கிறீங்க?"

அவன் ஒரு மாயக்காரன் என்பது நமக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியவில்லை.

"கண்ணுக்கு மருந்து இருக்கா அண்ணாச்சி?"

"புதுப் பார்வையே இருக்கு. காசு வேண்டாம். பழைய பார்வையில ரொம்பப் பழகின ஒண்ணைக் கொடுத்துடு, போதும்."

"பழசுதானே? எடுத்துக்கங்க" என்றான் கொம்பையன்.

மருதாயி "இருங்க" என்பதற்குள் மருந்து கண்ணில் விழுந்துவிட்டது.

கண்ணைத் திறந்தான். சுவரில் ஊரும் எறும்பின் கால் தெரிந்தது. மலையுச்சியில் நிற்கும் ஆட்டின் தாடி தெரிந்தது. "புள்ள, மருதாயி! எல்லாம் தெரியுது! நீ எங்க இருக்கே?" என்று துள்ளினான்.

"இங்கதான் நிக்கிறேன்" என்றாள் எதிரிலேயே நின்ற மருதாயி.

"நீ யாரு தாயி? என் வீட்டுக்காரியைப் பாத்தியா?"

மாயக்காரன் சிரித்தான். "ரொம்பப் பழகினது உன் முகம்தான் அம்மா. முகம் போனா குரலும் கூடவே போயிடும்." அலமாரியில் வரிசையாய் இருந்த கலயங்களில் புதிதாய் ஒன்று மருதாயியின் குரலில் முணுமுணுத்தது. மாயக்காரன் அதைக் காட்டினான். "அவன் இந்தப் படியைத் தாண்டிட்டா அது எப்பவும் எனக்குத்தான்."

மருதாயி அழவில்லை. மாயக்காரன் பக்கம் திரும்பினாள்.

"படி தாண்டுறதுக்குள்ள வாங்கினதைத் திருப்பலாமா?"

"கடைன்னு வச்சா கடை வழக்கம் உண்டு. திருப்பலாம். ஆனா அவனே மனசாரத் திருப்பணும். கண் கிடைச்சவன் எவன் திருப்புவான்?"

"சரி. இவரு பெண்டாட்டிக்குச் சேலையும் செருப்பும் எடுக்கணும்னு வந்தாரு. எடுத்துக் காட்டுங்க."

மாயக்காரன் தகதகவென்று ஒரு பட்டுச் சேலையை விரித்தான். கொம்பையன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"ஏய், வெளியே கொண்டுபோகாதே!"

"வெளிச்சத்துல பாக்காம யாராவது துணி எடுப்பாங்களா அண்ணாச்சி?" படிக்கு உள்ளேயே நின்று கையை மட்டும் வெயிலில் நீட்டினான். பட்டு பாம்புச் சட்டையாகிவிட்டது. இரண்டாவது பட்டு ஒட்டடையாகிவிட்டது. மூன்றாவதாக, மூலையில் மூட்டை கட்டியிருந்த பருத்திச் சேலையை உருவி நீட்டினான். அது சேலையாகவே இருந்தது.

"இதுதான். ஆட்டுக்கு உப்பு, எனக்கு வெத்தலை, எல்லாத்தையும் அவ முந்தானையிலதான் முடிஞ்சு வைப்பா. மெல்லிசு தாங்காது."

மருதாயி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெற்றிலையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு யோசனையாய் மென்றான்.

அடுத்தது செருப்பு. "கால் அளவுக்குக் குச்சி கொண்டுவந்தியா?" என்று மாயக்காரன் இளக்காரமாய்க் கேட்டான்.

"குச்சி எதுக்கு? நான் முள் எடுத்துவிட்ட கால்." கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு செருப்பின் குதியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "இடது குதியில முள் உள்ளேயே ஒடிஞ்சு காய்ச்சுப் போயிருக்கு. தோல் இளகலா இருக்கணும்." ஒரு ஜோடியைப் பொறுக்கினான். "தாயி, நீதான் போட்டுப் பாரேன்."

மருதாயி காலை நீட்டினாள். செருப்பு பொருந்தியது. மாட்டிவிட்ட கொம்பையனின் கட்டைவிரல் அந்தக் காய்ப்பின் மேல் பட்டு, அங்கேயே நின்றுவிட்டது. அண்ணாந்து அவளைப் பார்த்தான். அறியாத முகம்தான்.

"உன் முகத்தைத் திருப்பி வாங்கணும்னா, நான் கண்ணைக் கொடுக்கணுமா?"

'ஆமாம்' என்று சொல்லத்தான் அவள் இத்தனையும் செய்தாள். ஆனால் அந்த மலை விளிம்பு ஞாபகம் வந்தது.

"வேண்டாம், கண்ணை வச்சுக்கங்க. நான் யாரோவாவே கூட வர்றேன். போகப் போகப் பழகிக்கலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொம்பையன் எழுந்தான். "விட்டுக்கொடுத்துட்டு இப்படித் திரும்பி நிக்கிறவ எனக்கு ஒருத்திதான். அண்ணாச்சி, மருந்தை எடுத்துக்கங்க."

"மலை தெரியாதுடா!"

"தெரிய வேண்டாம்."

"ஆடு தெரியாதுடா!"

"தெரிய வேண்டாம்."

"பள்ளம் தெரியாதுடா!"

"பள்ளத்தை அவ பாத்துக்குவா."

கொம்பையன் துண்டால் கண்ணை அழுந்தத் துடைத்தான். அவ்வளவுதான். வாங்கிய சரக்கை ஒரே ஒருவன் மனசாரத் திருப்பினாலும் கடையே போய்விடும் என்பது மாயக்காரனுக்கு இருந்த சாபம். கலயங்கள் படபடவென்று வெடித்தன. முகங்கள் எல்லாம் தும்பிகளாய்ப் பறந்து தெருவுக்குப் போயின. மாயக்காரன் பல்லியாகிச் சுவரில்லாத இடத்தில் தத்தளித்து ஓடினான். கடை இருந்த இடத்தில் வெறும் கள்ளிச்செடி நின்றது.

மங்கலுக்குள்ளே மருதாயி தெரிந்தாள். "புள்ள" என்றான் கொம்பையன். அவள் அப்போதுதான் அழுதாள்.

தெருவெல்லாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளின் முகம் திரும்பக் கிடைத்த கண் வைத்தியர் ஓடிவந்து கொம்பையன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மருந்துல மாயம் கிடையாதப்பா. கசக்கும், எரியும், மெதுவாத்தான் கேக்கும். இருப்பியா?"

இருந்தான். கசந்தது, எரிந்தது, மெதுவாகக் கேட்டது. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் கண்கட்டை அவிழ்த்ததும் கொம்பையன் மனைவியை உற்றுப் பார்த்தான்.

"ஏ புள்ள! உனக்குத் தலை நரைச்சுப் போச்சே!"

"அது நரைச்சு எம்புட்டோ நாளாச்சு" என்றாள் மருதாயி. "இப்பவாவது தெரிஞ்சுதே, நடங்க."

அவர்கள் மலைக்குப் போனார்கள். கதையும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது.