நழுவும் அலைவரிசை

தூத்துக்குடியில் சொந்தமாக ரேடியோ கட்டிப் பேசும் ஹாம் ஆட்களில் பிரிஜித் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அவரிடம் கற்க வந்தவர்களிலேயே மூத்தவர் மிக்கேல். டீச்சரைவிட இருபது வயது பெரியவர். இருந்தும், சந்தேகம் கேட்கும்போது கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அன்று ரேடியோப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், அலைவரிசை ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது. சூடு ஏற ஏற நழுவிப் போயிருது."

"கேக்கிறவங்க டயலைத் திருப்பிப் பிடிச்சுக்குவாங்களே, அண்ணாச்சி?"

"கேக்கிறது என் தம்பி ராயப்பன். வேம்பார்ல படுக்கையில கெடக்கான். வாதம் வந்து பேச்சும் போச்சு, வலது கையும் போச்சு. காலையில நான் பேசுறது ஒண்ணுதான் அவனுக்கு. நேத்து பாதியில என் சத்தம் போயிருச்சாம். வெறும் இரைச்சலைக் கேட்டுக்கிட்டு அழுதிருக்கான். அவன் மக சொன்னா."

"போன்ல பேசலாமே?"

"போனைக் காதுல வச்சா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். ரேடியோதான் வேணுமாம்."

பிரிஜித் மூடியைக் கழற்றினார். உள்ளே கம்பிச் சுருளான ‘காயில்’, சூட்டில் அலைவரிசையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதே சூட்டில் எதிர்ப்பக்கம் இழுக்கிற கெப்பாசிட்டர் ஒன்றைத் தேடி எடுத்துப் பற்றவைத்தார். மூடிவிட்டு, தலை காயவைக்கும் டிரையரைப் பெட்டிக்குக் காட்டினார். மீட்டரில் எண் கொஞ்சம் அசைந்து, பிறகு நின்றுகொண்டது. மிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டே நாளில் திரும்பி வந்தார்.

"இங்க நிக்குது. வீட்டுக்குப் போனா நழுவுது, டீச்சர்."

"நாளைக்குக் காலையில நானே வாறேன்."

மறுநாள் டீச்சர் பக்கத்தில் நிற்க, மிக்கேல் தன் வீட்டில் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். ஐஸ் விலை, பேரன் செய்த சேட்டை, மாதா கோயில் கொடியேற்றம் என்று பேசிக்கொண்டே போனார். விட்டால் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களை எல்லாம் சொல்லி முடித்துவிடுவார் போலிருந்தது. அழுத்திய கட்டைவிரல் எழவே இல்லை; அது எழுந்தால்தான் எதிர்ப்பக்கத்துச் சத்தம் கேட்கும். பிரிஜித் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விடாமல் அனுப்பியதில், அன்று டிரையர் ஏற்றியதைவிட நல்ல சூடு.

பெரியவரின் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து மெல்ல விலக்கினார். அறையில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்ன டீச்சர், பேசிக்கிட்டுல்லா இருக்கேன்?"

"தம்பிகிட்ட பதில் அனுப்புற செட்டு இருக்கா?"

"கட்டில் பக்கத்துலயே இருக்கு. புள்ளியும் கோடுமா மோர்ஸ் தட்டுறதுல என்னைவிடக் கெட்டிக்காரன்."

"அப்ப அவரும் தட்டட்டுமே."

மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடது கையால தட்டணும். ஒரு எழுத்துக்கே அவ்வளவு நேரம் ஆகுது. அவன் படுற பாட்டைக் கேக்க முடியலைம்மா. அதான் அவனுக்கும் சேத்து நானே பேசிருதேன்."

பிரிஜித் மைக்கை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"மெதுவாவே தட்டட்டும், அண்ணாச்சி. அதுக்குள்ள பெட்டி ஆறிரும்."