மொட்டைக் குச்சியும் இஸ்திரிக் கரியும்

தண்ணி ஊத்தி ஊத்தியே ஒரு செடிய அழுக வச்சாச்சு. நடந்தது அதான். அதனால அந்த டம்ளரக் கீழ வையிட்டி.

வச்சியா? ஜன்னல விட்டுத் தள்ளி வா. மத்தியானம் சோறு தின்னா படுக்கணும். உங்கம்மா உன்ன என்கிட்ட விட்டுட்டுப் போனது தூங்க வைக்க, தோட்ட வேலை பாக்க இல்ல.

— தாத்தா, செடி பாவம். தண்ணி வேணாமா அதுக்கு?

வேணாம்.

— தொட்டியில ரெண்டு தாள் ஒட்டிருக்கே. ஒண்ணுல ஆச்சி பேரு. இன்னொண்ணு ரொம்ப நீளம். எனக்குப் படிக்க வரல.

அது கதையில கடைசியா வரும். படுத்தாதான் கதை. தலகாணிய இழு. நான் நிறுத்துற இடத்துல 'ம்' சொல்லணும். சொல்லலன்னா தூங்கிட்டன்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

— ம்.

ஒரு ஊர்ல ஒரு மொட்டைக் குச்சி இருந்துச்சு.

— ராஜா இல்லையா?

ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல. குச்சிதான். ஆர்க்கிட் செடியோட குச்சி. மொதல்ல அது மொட்டை இல்ல. அஞ்சு பூ இருந்துச்சு. ஊதாப் பூ. அஞ்சு பட்டாம்பூச்சி வரிசையா உக்காந்த மாதிரி.

அந்தச் செடி ஒரு கிழவியோடது. கிழவி ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கிப் போட்டவ. இருபத்தெட்டு வருஷம். தினம் நூத்தம்பது பிள்ளைக்குச் சோறு. "ஏ ஆயா, சாம்பாரு ஊத்து." "ஏ ஆயா, எனக்கு முட்டை வரல." அங்க அவளுக்கு ஆயான்னுதான் பேரு. அப்புறம் ஒரு நாள் அவ ரிட்டயர் ஆனா. அன்னிக்கு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க காசு சேத்து அந்தச் செடிய வாங்கிக் குடுத்துச்சுங்க. தொட்டியில ஒரு தாள் ஒட்டி, கோணல் மாணலா எழுதியிருந்துச்சுங்க. "செண்பகவல்லி அம்மாவுக்கு."

கிழவி அந்தத் தாளத்தான் பாத்துக்கிட்டே இருந்தா. பூவக்கூட அப்புறந்தான் பாத்தா.

— செண்பகவல்லி ஆச்சிதானே?

ம் மட்டும் சொல்லு.

— ம்.

அப்போ கிழவியோட மகளுக்கு ரெண்டாவது பிரசவம். வெளியூர். கிழவி ஆறு மாசம் போய் இருக்க வேண்டியதாயிருச்சு. செடியப் புருஷன் கையில குடுத்தா. "நான் வார வரைக்கும் இது உசுரோட இருக்கணும். எனக்குன்னு பேரு போட்டு வந்த சாமான் இது ஒண்ணுதான்." அவ்வளவுதான் சொன்னா. பஸ் ஏறிப் போயிட்டா.

புருஷன் ஒரு கிழவன். கவர்மெண்டு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். பேச்சு கம்மி. பொறுமை அதவிடக் கம்மி.

— தாத்தா, அது நீதான!

குறுக்க பேசுனா கதை நிக்கும்.

— ம். ம். ம்.

அப்புறம் என்னாச்சு, கிழவி போன பத்தாம் நாள், டொப். ஒரு பூ விழுந்துச்சு. மறுநாள் டொப். அப்புறம் டொப் டொப் டொப். அஞ்சும் போச்சு. நின்னது மொட்டைக் குச்சி.

கிழவன் தொட்டியச் சுத்திச் சுத்தி வந்தான். அது பூத்து முடிஞ்ச செடி, ஓஞ்சு கெடக்கு, சும்மா விட்டாப் போதும்னு அவனுக்குத் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சது பஸ்ஸு. பஸ்ஸு சூடாகி நின்னா என்ன செய்வான்? ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துவான். அதையே செஞ்சான். காலையில ஒரு செம்பு, மளக் மளக். மத்தியானம் ஒரு செம்பு, மளக் மளக். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. பதினஞ்சு நாள்ல இலை மஞ்சளாச்சு. தொட்டிக்குள்ள விரல விட்டான். சொத சொதன்னு இருந்துச்சு. நாத்தம். பிள்ளைங்க எழுதுன தாள்ல மை பாதி கரைஞ்சு ஓடிருச்சு.

அப்போ மேல்வீட்டு துரைப்பாண்டி வந்தாரு. "என்ன வே, கரித்துண்டுலயும் பாசியிலயும் செடி நிக்குமா? மண்ணுல வையும்"னாரு. கிழவன் ஒரு வாளி செம்மண்ணு, ரெண்டு கை ஆட்டுப்புழுக்கை போட்டு, நல்லா அமுக்கி மிதிச்சு வச்சான். பத்து நாள். ஒரு இலை சொத்துன்னு விழுந்துச்சு.

— அய்யோ.

அப்புறம் மூணாவது வைத்தியம். ஈரம் காயட்டும்னு மொட்டை மாடியில வெயில்ல வச்சான். ஆடி மாச வெயில். சுர்ருன்னு இன்னொரு இலை நடுவுல வெந்து, அப்பளம் மாதிரி ஆயிருச்சு.

அப்போ போன் வந்துச்சு. "செடி எப்படிங்க இருக்கு?"ன்னு கிழவி கேட்டா. "ம்"னான் கிழவன். வேற என்னத்தச் சொல்ல?

மறுநாள் காலையில, செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, தொட்டியத் தூக்கிட்டுப் போய் கேட்டு வாசல்ல குப்பைத் தொட்டி பக்கத்துல வச்சுட்டு, திரும்பிப் பாக்காம மாடி ஏறிட்டான். குப்பை வண்டி எட்டு மணிக்கு வரும்.

கேட்டு வாசல்ல வேப்பமரத்தடியில ஒரு இஸ்திரி வண்டி நிக்கும். இஸ்திரி போடறது ஒரு பொம்பள. கிழவனோட காக்கிச் சட்டைக்கு இருபத்திரண்டு வருஷமா அவதான் இஸ்திரி. இவன் பால்கனியில நின்னு "இஸ்திரி!"ன்னு கத்துவான். அவ நிமிந்து பாப்பா. துணி வரும், போகும். அவ்வளவுதான் பழக்கம்.

அன்னிக்கு அவ கீழ இருந்து கத்துனா. "அண்ணாச்சி! உசுரோட இருக்கறத யாரு இங்க வச்சது?"

கிழவன் எட்டிப் பாத்தான். "செத்துப்போச்சும்மா அது."

"நீங்க சொன்னாச் சரியா? நடுக்குருத்து பச்சையா இருக்கு. எறங்கி வாங்க. பழைய கத்தரிக்கோல் இருந்தா எடுத்துட்டு வாங்க. மஞ்சப்பொடியும்."

தூங்கிட்டியா?

— இல்ல. ம்.

கிழவன் இறங்கிப் போனான். அவ அதுக்குள்ள மண்ண உதறி, வேரக் கையில ஏந்தி வச்சிருக்கா. "இத மண்ணுல வச்ச மகராசன் யாரு?"ன்னா. கிழவன் துரைப்பாண்டி வீட்ட நோக்கிக் கையக் காமிச்சான். "தண்ணிய இவ்வளவு ஊத்துனது?" கிழவன் கையக் கீழ போட்டுட்டான்.

"நான் மலை மேல எஸ்டேட்ல பொறந்தவ அண்ணாச்சி. அங்க இது மரத்துல தொத்திக்கிட்டு நிக்கும். மண்ணு கிடையாது. மேகம் வந்தா நனையும், போனா காயும். காத்துத்தான் இதுக்குச் சோறு."

அப்புறம் கத்தரிக்கோல இஸ்திரிப் பெட்டிக் கங்குல காட்டிச் சுட வச்சா, ஆற விட்டா. அழுகுன வேரையெல்லாம் கிர்ச் கிர்ச்சுனு வெட்டுனா. வெட்டுன வாயில மஞ்சப்பொடி தடவுனா. மிஞ்சினது நாலே வேரு. அப்புறம் அந்த மொட்டைக் குச்சியப் பிடிச்சா.

"ஏய், அத வெட்டாத! பூ வர்ற குச்சி!"

"முடிஞ்ச குச்சி அண்ணாச்சி. இது இன்னும் பூவையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. வெட்டுனாத்தான் வேர நெனைக்கும்."

கிர்ச்.

கிழவனுக்கு அவன் விரல வெட்டுன மாதிரி இருந்துச்சு.

அவ வண்டிக்கு அடியில கரி மூட்டை. பத்த வைக்காத கரியா பாத்துப் பொறுக்குனா. எளநீ மட்டைய வெட்டி ஊற வச்சு எடுத்தது கொஞ்சம். ஓட்டை போட்ட மண்தொட்டியில ரெண்டையும் கலந்து போட்டு, செடிய அமுக்காம நிக்க வச்சா. கடைசில, நனைஞ்சு காஞ்சு சுருண்டுபோன தாளப் பாத்தா. மெதுவா உரிச்சு, ஒரு பழைய ஈரத்துணிக்குள்ள வச்சு, மேல இஸ்திரிப் பெட்டிய ஒரு இழு. புஸ்ஸுன்னு ஆவி. தாள் அப்பளம் மாதிரி நிமிந்துச்சு. எழுத்து மங்கலா நின்னுச்சு.

"செண்பகவல்லி. அக்கா பேரா? இத்தன வருஷம் தெரியாமப் போச்சே"ன்னா. தாள வெரலால நீவிக் குடுத்தா.

கிழவன் வாங்கிக்கிட்டான். அவ பேரக் கேக்கணும்னு அப்போ அவனுக்குத் தோணல. மரமண்டை.

— ம்.

"கெழக்கு ஜன்னல்ல வைங்க. நேர் வெயில் வேணாம். வேரு வெள்ளையா இருந்தா தாகம், தண்ணி ஊத்தி வடிய விடுங்க. பச்சையா இருந்தா வயிறு நெறஞ்சிருக்கு, ஊத்தாதீங்க. குருத்துல தண்ணி நிக்கக் கூடாது. அப்புறம் தொட்டிய நோண்டாதீங்க"ன்னா.

வேலை அதுல இல்லட்டி. சும்மா இருக்கறதுல இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு பால்கனியில நின்னு கேட்டான். "எப்ப வரும்?" "வரும் அண்ணாச்சி." பதினஞ்சு நாள் கழிச்சு, "எப்ப வரும்?" "வரும்." மூணாவது தடவ கேட்டப்போ அவ பெட்டியக் கீழ வச்சுட்டு நிமிந்தா. "இது என்ன அம்பாசமுத்திரம் பஸ்ஸா, நேரத்துக்கு வர? ஸ்டியரிங்க விடுங்க அண்ணாச்சி. அது தானா ஓடும்."

தெருவே சிரிச்சுச்சு. துரைப்பாண்டி ரொம்பச் சிரிச்சாரு. அவரு சிரிக்கலாமா?

அப்புறம் புரட்டாசில ஒரு காலையில, தொட்டி ஓரத்துல, பயறு முளை மாதிரி ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. பச்சை நுனி. புது வேரு. கிழவன் கண்ணாடி போட்டுப் பாத்தான், கழட்டிப் பாத்தான். நோண்டல. ஐப்பசில நடுவுல ஒரு இலை, உன் நாக்கு அளவு. நாக்க நீட்டாத. நம்புறேன்.

கார்த்திகையில கிழவி வந்தா. பையக் கீழ வைக்கல, செருப்பக் கழட்டல, நேரா ஜன்னல்கிட்ட போனா. பூ இல்ல. குச்சி இல்ல. தொட்டி வேற. தாள் மங்கிப்போய் இருக்கு.

"நான்தான் கெடுத்தேன்"னான் கிழவன்.

கிழவி புது இலையத் தொட்டா. "பொழைக்க வச்சது யாரு?"

"இஸ்திரி."

"அவ பேரு என்னங்க?"

"தெரியலயே"ன்னான் கிழவன். கிழவி அந்த மங்குன தாளையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம், "நானும் கேட்டதில்லையே"ன்னா. அப்புறம், "போய்க் கேட்டுட்டு வாங்க"ன்னா.

முப்பத்தாறு படி. முழங்காலு கடக் கடக். வண்டி முன்னாடி போய் நின்னான்.

"ஏம்மா, உன் பேரு என்ன?"

"என்ன அண்ணாச்சி திடீர்னு? ரேஷன் கார்டுல சேக்கப் போறீங்களா?"

"தொட்டியில எழுதணும்."

அவ சிரிப்ப நிறுத்திட்டா. இஸ்திரி போட்டு முடிச்ச சட்டைய விரிச்சு, அதே காலர மறுபடி ஒரு தடவ தேச்சா. அப்புறம் பேரச் சொன்னா. நீளம். கிழவனுக்குப் பிடிபடல. துணி கட்டுற தாள ஒண்ணு கிழிச்சு, கரித்துண்டால அவளே எழுதிக் குடுத்தா. தொட்டியில ஒட்டியிருக்கற ரெண்டாவது தாள் அதுதான். தொட்டா கையில ஒட்டும். தொடாத.

— தேங்க்ஸ் சொன்னியா தாத்தா?

கிழவனுக்கு அந்த வார்த்தை வாயில வராது. ஆனா அன்னிலேர்ந்து தினம் காலையில கிழவி காப்பி போடுவா, கிழவன் ததும்பாம முப்பத்தாறு படி எடுத்துட்டுப் போய்க் குடுப்பான். ஒரு வருஷம் ஆச்சு. துணி போடவும் இப்பல்லாம் "இஸ்திரி"ன்னு கத்தறதில்ல. முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிடறான். கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. என்ன செய்ய?

இந்த மாசம் செடியில புதுக் குச்சி வந்திருக்கு. நுனியில மிளகு அளவு மூணு மொட்டு. முந்தாநாள் அவ மேல வந்து பாத்துட்டுப் போனா. ஆச்சி அவ கையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடல.

குச்சி தழைச்சாச்சு, எனக்குத் தொண்டை காஞ்சாச்சு, கண்ண மூடு.

— ம்... தாத்தா... அந்தப் பேரு?

அமலோற்பவம்.