மேருவுக்கு வந்த தோழன்

வெகு காலத்துக்கு முன்னால் குறுந்தாழை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் பிடிவாதக்காரன். அவன் நாட்டில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. தனி இலை கைதிக்கு மட்டும்தான். ராணி, மந்திரி, தளபதி என்று அரண்மனையே மூன்று வேளையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு ஒரு வேடன் தரை ஆமை ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். ராஜா அதற்கு மேரு என்று பேர் வைத்து, மந்திரி அறவாழியின் பொறுப்பில் விட்டான். மேரு தோட்டத்தில் தன்பாட்டுக்குக் கீரை தின்று, வெயில் காய்ந்து, சௌக்கியமாக இருந்தது.

மந்திரிமேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவர் அவைக்காரியம் பார்க்கும் கொழுந்தப்பர். அவர் மெல்ல ராஜாவின் காதில் போட்டார். "மகாராஜா, வாயில்லா ஜீவனுக்கு மந்திரி தனி இலை போடுகிறாரே!"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் மேருவைக் கைதியாகவா வைத்திருக்கிறீர்?"

"ஆமை கூட்டமாக வாழ்கிற பிராணி இல்லை, மகாராஜா..." என்று அறவாழி ஆரம்பித்ததை யார் கேட்டார்கள்? அன்றைக்கே கொழுந்தப்பர் இன்னொரு ஆண் ஆமையைக் கொண்டுவந்து விட்டார். அது மேருவின் பின்னாலேயே சுற்றியது. மேலே ஏறிக்கொண்டது.

"கட்டிப்பிடித்துக்கொள்கின்றன, பாருங்கள்!" என்று ராஜா ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

சில நாளில் மேரு கீரையைத் தொடவே இல்லை. ஒருநாள் காலையில் அறவாழி தோட்டத்துக்குப் போனார். மேரு மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. ஓட்டின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறியிருந்தால் செத்தே போயிருக்கும். பதறிப்போய் அதைத் திருப்பி வைத்தார்.

அதைப் பார்த்த கொழுந்தப்பர், "மந்திரிதான் புரட்டிப் போட்டார்!" என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

ராஜா கொதித்துப்போனான். "பொழுது சாய்வதற்குள் மேரு கீரை தின்ன வேண்டும். இல்லையென்றால் உம் தலை இருக்காது!"

இத்தனை வருஷம் கூடவே இருந்தவன், ஓர் ஆமைக்காகத் தலையைக் கேட்கிறானே! ஆமையைக் காட்டிச் சொன்னால் இந்த மனுஷனுக்கு ஏறாது, பந்தியைக் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று அறவாழிக்குப் புரிந்தது.

"உத்தரவு, மகாராஜா. மேருவுக்குக் கொடுத்ததுபோல் கொழுந்தப்பருக்கும் ஒரு தோழரைக் கொடுங்கள். அவருடைய பங்காளி செங்கோடர் இருக்கிறார். அதே பதவி, அதே ஆசனம், மத்தியானப் பந்தியில் அதே இலை."

"பேஷ்!" என்றான் ராஜா. கொழுந்தப்பரின் முகத்தில் ஈயாடவில்லை.

பந்தியில் செங்கோடர் அப்பளத்துக்குக் கை நீட்டினார். கொழுந்தப்பர் முழங்கையால் இடித்தார். செங்கோடர் வடையை எடுத்தார். கொழுந்தப்பர் பிடுங்கினார். பாயசம் வருவதற்குள் செங்கோடர் தரையில் மல்லாந்து கிடந்தார். கொழுந்தப்பர் அவர் மேலேறி உட்கார்ந்துகொண்டு, "என் இடத்தில் உனக்கென்னடா வேலை?" என்று கத்தினார்.

"என்னய்யா இது அக்கிரமம்?" என்றான் ராஜா.

"கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், மகாராஜா" என்றார் அறவாழி.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை கழுவக்கூட நிற்காமல் தோட்டத்துக்கு ஓடி, புது ஆமையைத் தானே தூக்கி, மதிலுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் விட்டான். மேரு நெடுநேரம் தலையை நீட்டவில்லை. அறவாழி சூரியனையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். கடைசியில் மேரு மெல்ல வெளியே எட்டிப்பார்த்தது, தோட்டத்தை ஒரு சுற்று சுற்றியது, கீரையைக் கடித்தது.

அறவாழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான் பாசம் என்று நினைத்ததெல்லாம் அடிதடியா!" என்று ராஜா தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அதற்குத் துணை வேண்டாம், மகாராஜா. தனக்கென்று கொஞ்சம் இடமும் வெயிலும் கீரையும் போதும்."

அன்று சாயங்காலம் சபை கூடியது. செங்கோடரோடு ஒரே ஆசனத்தில் ஒரு மாதம் உட்கார வேண்டும் என்று கொழுந்தப்பருக்குத் தண்டனை கிடைத்தது. "உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று மந்திரியைக் கேட்டான் ராஜா.

"தினம் ஒரு வேளை தனியாகச் சாப்பிட அனுமதி வேண்டும்."

ராஜா ஆடிப்போனான். "இங்கே வேறு யாருக்காவது இப்படியோர் ஆசை உண்டா?"

முதலில் உயர்ந்தது ராணியின் கை. பிறகு தளபதி, புரோகிதர், பரிமாறுகிறவர்கள் என்று சபை முழுக்கக் கைகள். ராஜா பிளந்த வாய் மூடாமலே எல்லாருக்கும் அனுமதி கொடுத்தான்.

அன்று ராத்திரிப் பந்தியில் ராஜா மட்டும்தான் உட்கார்ந்திருந்தான். பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம்.