கடைசிப் பிடி காக்கைக்கு

உட்காருங்கள். நீட்டி முழக்க எனக்கு இன்று தெம்பில்லை. கதையை நான் சொல்லிவிடுகிறேன், பதிலை நீங்கள் சொல்லுங்கள். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் கெட்டுப்போனதெல்லாம் அப்படி இருந்ததால்தான்.

சங்கரன்கோவிலில் சங்கரபாண்டியன் என்று ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் மகன் செண்பகராமன், மருமகள் இசக்கியம்மாளோடு இருந்தார். வாயில் பல் கிடையாது. ஈறாலேயே மசித்து எல்லாம் சாப்பிட்டுவிடுவார். மகள் கோமதியின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோவில் அப்பா பொக்கை வாயோடு நிற்கக் கூடாது என்று செண்பகராமன் பிடிவாதமாக அழைத்துப்போய்ப் பல்செட்டு கட்டி வைத்தான். மண்டபத்தில் வந்தவர்களிடமெல்லாம் அப்பாவைச் சிரிக்கச் சொல்லிக் காட்டினான். அவரும் சலிக்காமல் சிரித்தார். மகனுக்கு அவ்வளவு பெருமை.

கல்யாணம் முடிந்ததிலிருந்து மனிதர் இளைக்கத் தொடங்கினார். சட்டை தோளில் நிற்கவில்லை, மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா என்று தெருவில் பேச்சு வந்தது. இசக்கியம்மாளுக்கு அது முள்ளாகக் குத்தியது. அவள் குறை வைக்காமல்தான் சமைத்தாள். பல்தான் இருக்கிறதே, நன்றாக மென்று தின்னுங்கள் என்று மகனும் எதிரே உட்கார்ந்து சொல்லுவான். அவரும் எதையும் வேண்டாம் என்றதில்லை.

ஆனால் சாப்பிட்டு எழும்போது தட்டில் மிஞ்சியதை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் காக்கைக்கு வைப்பார். இசக்கியம்மாள் கேட்டால் “ஒங்க அத்தைக்கு” என்பார். செத்தவள் பெயரைச் சொன்னபின் யார் தடுப்பது? வடை போயிற்று, சப்பாத்தி போயிற்று, அவரைக்காய்ப் பொரியல் போயிற்று. ரசஞ்சோறு ஒருநாளும் போனதில்லை. அந்தத் தெருக் காக்கைகள் கொழுத்தன, அவர் மெலிந்தார்.

மகன் பயந்துபோனான். உள்ளே ஏதோ பெரிய நோய் என்று ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று திருநெல்வேலிக்கு அலைந்தான். ஒன்றுமில்லை என்றதும் நம்பாமல் அடுத்த டாக்டரிடம் போனான். அங்கெல்லாம் நாக்கை நீட்டச் சொன்னார்கள், பல்லைக் கழற்றச் சொல்லவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அலைச்சலில் அவனும் பாதி ஆளானான்.

கோமதி தென்காசியிலிருந்து வந்தாள். அம்மாவை நினைத்து ஏங்குகிறார், வேறொன்றுமில்லை என்றாள். இட்லி முதல் சாம்பார்சாதம் வரை எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து ஊட்டினாள். கொஞ்சம் தேறினார். ஆனால் அந்தக் கூழைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஊருக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

ஒரு மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது இசக்கியம்மாளுக்கு ஒன்று உறைத்தது. முன்னோருக்கு வைப்பவர்கள் முதல் பிடியை வைத்துவிட்டல்லவா சாப்பிட உட்காருவார்கள்? இவர் கடைசிப் பிடியை வைக்கிறார். அத்தை மேல் உயிராக இருந்த மனிதர், அவளுக்கு எச்சிலையா படைப்பார்?

மாடிக்குப் போய் நேராகவே கேட்டாள். அவர் செட்டைக் கழற்றிக் காட்டினார். ஈறெல்லாம் புண். வலித்ததால் சாப்பாடு குறைந்து, இளைக்க இளைக்கச் செட்டு தளர்ந்து, ஆடி ஆடி இன்னும் அறுத்திருந்தது. பார்த்தவளுக்கு அழுகை வந்தது.

“அவன்கிட்ட சொல்லிராத, தாயி. ஆசையாக் கட்டிக் குடுத்தான், மனசு ஒடஞ்சிருவான்” என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவளும் செய்து கொடுத்தாள். அதன்பின் கணவன் இல்லாத வேளைகளில் அவரைச் செட்டைக் கழற்றச் சொல்லி, காயைக் குழைய வேகவைத்து, வடையை ரசத்தில் ஊறவைத்துக் கொடுத்தாள். மகன் வந்தால் மறுபடி செட்டு, மறுபடி சிரிப்பு. புண் ஆற வழியில்லை. ஒரு காலையில் குளிக்கப் போனவர் கால் துவண்டு விழுந்தார். கோமதி ஓடிவந்தாள். செண்பகராமன் இன்னொரு ஸ்கேனுக்கு வண்டி பேசினான். அப்போதுதான் இசக்கியம்மாள் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

“மாமாவுக்கு வயித்துல ஒண்ணுமில்ல, வாயிலதான். நீங்க கட்டிக் குடுத்த பல்லு அவரை அறுக்கு.”

செண்பகராமன் சுவரில் சாய்ந்து அழுதான். பெரியவர் மருமகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல் டாக்டர் புண்ணை ஆற்றி, செட்டைச் சரிசெய்து கொடுக்கும்வரை அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

நோயைத் தேடி அலைந்தான் மகன். அடித்துக் கூழாக்கி ஊட்டினாள் மகள். சத்தியம் செய்து, பிறகு அதை உடைத்தாள் மருமகள். இதில் யார் செய்தது சரி?

சரி, நானே சொல்கிறேன். மகனும் மகளும் அன்பில் குறைந்தவர்கள் அல்ல. சிரிக்கிற வாய்க்குள் நோவு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சரியாகச் செய்தவள் இசக்கியம்மாள். ஆனால் அவளைப் பாராட்டிப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டாள். “ஒடச்சது தப்பில்ல. அத்தன நாளு காப்பாத்துனேன்லா, அதுதான் தப்பு” என்பாள். என் பதிலும் அதுதான். சங்கரபாண்டியன் இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்துதான் உட்காருகிறார். எழும்போது தட்டில் ஒன்றும் இருப்பதில்லை.