தொண்டை கட்டிய காவல் குரங்கு

ஒரு காட்டில் ஒரு விடுதி இருந்தது. காட்டுக்குள் விடுதியா என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அந்தக் காட்டையே ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டார்! சுற்றிலும் கம்பிவேலி போட்டார், நடுவில் குளத்தங்கரையில் ஓட்டு வீடுகள் கட்டினார், வாசலில் பெரிய பலகை மாட்டினார். பட்டணத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து மூன்று நாள் தங்குவார்கள். ஜீப்பில் ஏறிக் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று போய்வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். சிறுத்தையைப் பார்க்க வேண்டும்.

அதே குளத்தங்கரையில் ஒரு மருத மரம். மரத்தின் மேலே ஒரு மந்திக் கூட்டம் குடியிருந்தது. கரி பூசிய முகம், சாம்பல் நிற உடம்பு, உடம்பைவிட நீளமான வால். மரத்தின் கீழே ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்தது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. குரங்குகள் தளிர் தின்னும்போது பாதியைத் தின்று பாதியைக் கீழே சிந்தும். மான்கள் அதைப் பொறுக்கித் தின்னும். குரங்குக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தையை மேலே இருப்பவர் கண்டால் மேலிருந்து கத்துவார். கீழே இருப்பவர் மோந்தால் கீழிருந்து கத்துவார். யார் கத்தினாலும் இரண்டு கூட்டமும் பிழைத்துக்கொள்ளும். இதற்காக யாரும் யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை.

மேலே காவல் இருந்தவன் நெடுவாலன் என்ற கடுவன் குரங்கு. உச்சிக்கிளை அவனுடையது. அவன் "கெக்! கெக்!" என்று ஒரு குரல் கொடுத்தால் காடே நிமிர்ந்து பார்க்கும்.

அந்தக் காட்டுச் சிறுத்தைக்கு வயதாகிவிட்டது. முன்னங்கால் ஒன்று நொண்டி. துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. புதரோடு புதராகப் பதுங்கி வந்து பாய்ந்தால்தான் உண்டு. நெடுவாலன் குரல் கேட்டதும், "இன்றைக்கும் போச்சு!" என்று முனகிக்கொண்டே திரும்பிப் போய்விடும்.

விடுதிக்காரர்கள் மருத மரத்துக்குப் பக்கத்திலேயே மேசை போட்டுக் காலை உணவு பரிமாறினார்கள். ஒருநாள் ஓர் அம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, மூணு நாளா மானும் குரங்கும்தானா? இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

ஜீப் ஓட்டி வழிகாட்டும் கேத்தன் தலையைச் சொறிந்தான். "அந்தக் குரங்கு கத்திடுதும்மா. அது கத்துச்சுன்னா சிறுத்தை ஒரு நிமிசம் நிக்காது."

மேலே நெடுவாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டாயா? என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள்!" என்று தன் செல்ல மகள் துள்ளியிடம் சொன்னான்.

ஆனால் பாருங்கள், அன்று அவன் கண் காட்டின் மேல் இல்லை. மேசையில் பப்பாளியைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். சிவக்கச் சிவக்கப் பழம்! அதைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். புல்லுக்குள் மஞ்சளாக ஏதோ நகர்ந்ததைக் கண்டான். கத்த வாயைத் திறந்தான். அதற்குள் சிறுத்தை ஒரு கிழ மானின் கழுத்தைக் கவ்விவிட்டது.

விடுதி அல்லோலகல்லோலப்பட்டது. "சிறுத்தை! சிறுத்தை!" கேத்தன் எல்லோரையும் அவசர அவசரமாகப் பக்கத்தில் இருந்த பரண் மேல் ஏற்றினான். கையில் காமிராவோடு அத்தனை பேரும் ஓடினார்கள். மேசையில் தட்டுகள் அப்படியே கிடந்தன. இட்லி, ரொட்டி, ஜாம், அன்னாசி, பப்பாளி. காவலுக்கு ஓர் ஈ காக்கை இல்லை.

குரங்குக் கூட்டம் இறங்கியது. அப்படி ஒரு விருந்தை அவர்கள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

சாயங்காலம் செம்பி மரத்தடிக்கு வந்தாள். அவள்தான் மான் கூட்டத்துக்கு முன்னால் நடப்பவள்.

"அண்ணே, இன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கமாக வீசியது. எங்கள் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. உன் குரலும் வரவில்லையே, என்ன ஆயிற்று?"

நெடுவாலன் வாலைச் சுருட்டிக்கொண்டான். "தொண்டை கட்டிக்கொண்டது, செம்பி. குரலே எழும்பவில்லை."

"அடப் பாவமே! உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணே" என்றாள் செம்பி. அவ்வளவுதான், அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நடுப்பகலில் மரத்தடிப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

"நெடுவாலா, பப்பாளி நன்றாக இருந்ததா?"

சிறுத்தை! நெடுவாலன் உச்சிக்கிளைக்குத் தாவினான். "போய்விடு! கத்திவிடுவேன்!"

"தாராளமாகக் கத்து. நான் போய்விடுவேன். அந்த ஆட்களும் நகராமல் உட்கார்ந்து, தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போவார்கள். நான் கண்ணில் பட்டால்தான் அவர்கள் எழுந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்தால்தான் உனக்குச் சாப்பாடு. நான் சொல்வது சரிதானே?"

நெடுவாலன் ஒரு கிளை கீழே இறங்கினான். பிறகு கேட்டான். "என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"சேச்சே! உன்னைப் போன்ற பெரிய மனுஷனிடம் அப்படிக் கேட்பேனா? நான் வரும்போது வாயில் இருப்பதை மென்றுகொண்டிரு. போதும். மெல்லுவதெல்லாம் ஒரு குற்றமா?"

"என் கூட்டத்துக்கு ஏதாவது ஆனால்?"

சிறுத்தை சிரித்தது. "மான் இருக்கும்போது எனக்குக் குரங்கு எதற்கு? உங்கள் உடம்பில் வாலும் எலும்பும் தவிர என்ன இருக்கிறது?"

அந்தப் பதில் நெடுவாலனுக்குத் திருப்தியாக இருந்தது. அதை இன்னொரு தடவை யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கவில்லை, முட்டாள்!

இரண்டு நாள் கழித்து, எதிர்க்காற்று வீசும் வேளை பார்த்துச் சிறுத்தை வந்தது. நெடுவாலன் ஒரு பிடி தளிரை வாயில் திணித்து மென்றுகொண்டிருந்தான். ஓர் இளங்கொம்பு மான் போயிற்று. ஆட்கள் பரணுக்கு ஓடினார்கள், குரங்குகள் மேசைக்கு ஓடின. நெடுவாலன் தன் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பாடமே சொல்லிக் கொடுத்தான்.

"அவர்கள் எழுந்து ஓடினால் நாம் இறங்கி ஓட வேண்டும். முதலில் போகிறவருக்குத்தான் அன்னாசி. புரிந்ததா?"

"புரிந்தது அப்பா!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாள் துள்ளி.

அன்று மாலை செம்பி வாயில் ஒரு கொடியைக் கவ்விக்கொண்டு வந்தாள். தூதுவளைக் கொடி. உடம்பெல்லாம் முள். அவள் உதட்டில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

"வேலியோரம் தேடிப் பிடித்தேன், அண்ணே. தொண்டைக்கு இதைவிட நல்லது கிடையாது. நாலு நாள் தின்றால் பழைய குரல் வந்துவிடும். உன் குரல்தானே எங்களுக்கு உயிர்!"

நெடுவாலன் கீழே இறங்கி அதை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடிமரத்தில் இரண்டு கிளை பிரியும் இடத்தில் கொடியை வைத்தான். ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. வயிறு நிறைய ரொட்டியும் ஜாமும் இருந்தன. இலைக் கசப்பு யாருக்கு வேண்டும்?

அதற்கு ஐந்தாம் நாள் காலை. செம்பி தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். குட்டி பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அன்றும் எதிர்க்காற்று.

"அண்ணே, தொண்டை தேவலையா?"

"கொஞ்சம் பரவாயில்லை."

"அப்படியானால் சரி. இவன் இங்கேயே படுத்திருக்கட்டும். நான் தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். மேலே நீ இருக்கிறாய், எனக்கென்ன பயம்?"

அவள் குளத்தை நோக்கிப் பத்தடி போயிருப்பாள். சிறுத்தை புல்லுக்குள் வயிற்றால் ஊர்ந்து வருவதை நெடுவாலன் கண்டான். குட்டி மரத்தடியில் காதை ஆட்டிக்கொண்டு கிடந்தது. கத்திவிடலாமா? ஒரே ஒரு கத்து. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மேசையில் சமையல்காரர் ஒரு முழு அன்னாசியை அறுத்து வைத்தார். துள்ளி அவன் வாலைப் பிடித்து இழுத்து, "அப்பா, எப்போது எழுவார்கள்?" என்று கேட்டாள்.

நெடுவாலன் தளிரை வாயில் போட்டு மென்றான்.

செம்பி திரும்பி ஓடி வந்தபோது மரத்தடியில் மிதிபட்ட புல்தான் இருந்தது. பரண் மேல் ஆட்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் குரங்குகள் தின்றுகொண்டிருந்தன. அவள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குட்டியைக் கூப்பிட்டாள். அவள் அழுததை நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளே, கேட்கவும் வேண்டாம். கடைசியில் அவள் ஓய்ந்துபோய் அடிமரத்தில் சாய்ந்தாள். அங்கே அவள் கண்ணுக்கு நேராகத் தூதுவளைக் கொடி இருந்தது. காய்ந்து சருகாகிவிட்டது. ஓர் இலை குறையவில்லை.

நெடுவாலன் மேசையிலிருந்து திரும்பி வந்தான். மோவாயில் அன்னாசிச் சாறு வழிந்தது.

"அண்ணே, பார்த்தாயா?"

"எதை?"

"சிறுத்தை வந்ததைப் பார்த்தாயா?"

நெடுவாலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "குரல்... குரல் எழும்பவில்லை, செம்பி..."

செம்பி அவனை ஏசவில்லை. சாபம் விடவில்லை. அந்த மோவாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அவள் பின்னால் மான் கூட்டம் முழுவதும் நடந்தது. மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், மறைவே இல்லாத வெட்டவெளிப் புல்லில் மேய ஆரம்பித்தார்கள். அங்கே நொண்டிச் சிறுத்தையின் ஜம்பம் பலிக்காது.

"போனால் போகட்டும். மரம் நம்முடையது, மேசையும் நம்முடையது" என்றான் நெடுவாலன்.

அதன்பிறகு குரங்குகள் சிந்திய தளிரைப் பொறுக்க யாரும் வரவில்லை. அது மரத்தடியில் குவிந்து அழுகி நாறியது.

எட்டு நாள் போயிற்று. விடுதிக்குப் புது ஆட்கள் வந்தார்கள். காலையில் மேசை போட்டார்கள். தோசை, பப்பாளி, அன்னாசி எல்லாம் வந்தன. காற்று சமையற்கட்டுப் பக்கமிருந்து மரத்தை நோக்கி வீசியது. மேசையை ஒட்டி, அதே சமையற்கட்டுப் பக்கம், ஒரு செம்பருத்திப் புதர்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது உச்சிக்கிளைக்கும் தெரியாது. கீழே மான்கள் நின்றிருந்தால் அந்தக் காற்றை ஒரு தடவை மோந்ததும் அத்தனையும் அலறியிருக்கும். மான்கள் இல்லை. மேலே காவலனின் கண்ணோ தட்டுகளின் மேல் இருந்தது.

திடீரென்று ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. எல்லோரும் பரணுக்கு ஓடினார்கள்.

"எழுந்துவிட்டார்கள் அப்பா!" என்று துள்ளி குதித்தாள்.

"ஓடு கண்ணு, ஓடு! அன்னாசி உனக்குத்தான்!" என்று சிரித்தான் நெடுவாலன்.

அவள் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினாள். அப்போதுதான் அவன் பரணைப் பார்த்தான். எப்போதும் குளத்தை நோக்கி நீளும் காமிராக்கள் இன்று மேசைப் பக்கம் திரும்பியிருந்தன. செம்பருத்திப் புதர் அசைந்தது. அதிலிருந்து எலும்பும் தோலுமாக நொண்டிச் சிறுத்தை வெளியே வந்தது.

"துள்ளி! கெக்! கெக்! கெக்!"

என்ன குரல் அது! காடே அதிர்ந்தது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் துள்ளியின் கை அப்போதுதான் அன்னாசித் துண்டைத் தொட்டிருந்தது. அதை எடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சிறுத்தை அவளைக் கவ்விக்கொண்டு மருத மரத்தைக் கடந்து போயிற்று. நெடுவாலன் கிளைக்குக் கிளை தாவி அதன் தலைக்கு மேலேயே வந்தான்.

"துரோகி! எங்களைத் தொடமாட்டேன் என்றாயே!"

சிறுத்தை அவளை ஒரு நிமிஷம் கீழே வைத்தது. அவள் அசையவில்லை. "நான் எப்போது அப்படிச் சொன்னேன்? மான் இருக்கும்போது குரங்கு எதற்கு என்றேன். மான் எங்கே, நெடுவாலா?" என்று கேட்டது. மறுபடி கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

நெடுவாலன் உச்சிக்கிளையில் ஏறிக் கத்தினான். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. மேசையில் தட்டுகள் நிறைய இருந்தன. ஒரு குரங்கும் இறங்கவில்லை.

பரண் மேல் ஒருவர் பூரித்துப்போய்ச் சொன்னார். "அந்தக் குரங்கு என்ன அழகா கத்துது, கேளுங்களேன்! இந்தச் சத்தத்துக்கே இன்னும் ஒரு நாள் தங்கலாம் போலிருக்கு."

கேத்தன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "குரங்கு கத்துனா மானும் சேந்து கத்தணும் சார். இன்னிக்கு ஒரு மான்கூடப் பதில் குடுக்கலையே" என்றான்.

அந்தக் குரல் மலையைத் தாண்டியும் போயிற்று. வெட்டவெளிப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் எல்லாம் தலையைத் தூக்கிச் செம்பியைப் பார்த்தன.

செம்பி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணனுக்குத் தொண்டை சரியாகிவிட்டது" என்றாள். பிறகு குனிந்து மேய்ந்தாள்.

நீதி: பிறருக்கு ஆபத்து வந்தபோது வாயை மூடிக்கொண்டவன், தனக்கு வரும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.